யதுசாவின் கோப்பை

இஞ்சருங்கோ,

நான் சந்தைக்குக் கீரை கொண்டு போறன். யதுசா எழும்பினதும் முதல் கிளினிக்கில நிறை கூடத் தந்த கச்சான் கடலைப் பசையைக் குடுங்கோ, பிறகுதான் சோறு. என்ர தங்கச்சி சாகேக்க எலும்பும் தோலுமா விட்டிட்டுப் போன பிள்ளைக்கு அதுதான் மருந்து.

பளையில இருந்து உங்கட அக்கா வாறாவாம். வரட்டும். மீன்குழம்பு சட்டியில கிடக்கு, அவாவுக்கு அது போதும். போனமுறை யதுசாவுக்கு இருக்கிற எச்.ஐ.வி. ஒட்டிப்போடும் எண்டு அவளின்ர கோப்பையை விளக்குமாத்தால தள்ளினவா. அதே கையால அவளின்ர பசையைப் பாண் துண்டில பூசித் தன்ர பிள்ளையளுக்குத் தீத்தினவா. நீங்களும் பக்கத்தில இருந்து சப்பினனீங்கள். பிள்ளையின்ர நிறை குறைஞ்சதுக்குக் கிளினிக்கில ஏச்சு வாங்கினது நான்.

கிருசாந்தி

சொல்ல மறந்திட்டன். பசைப் பைக்கற் எல்லாத்தையும் அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டன். பூட்டுத் திறப்பு யதுசாவின்ர கோப்பைக்குள்ள கிடக்கு. உங்கட அக்கா அதுக்குள்ள கை வைக்கமாட்டா.