வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றிய எண்ணெய்

டீச்சர்,

இன்று காலை நான் போன ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. முன்னால் ஒரு பழைய கார், இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அதன் புகைக்குழாயிலிருந்து நீலப் புகை மெதுவாக எழுந்தது. காற்று அசையவில்லை. போக இடம் தெரியாத புகை ஆட்டோவுக்குள் வந்தது. ஆட்டோக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கருகிய எண்ணெயின் வாசனை. மார்கழி விடியலில் உங்கள் தெருவின் கடைசி வீடு தெரியுமே, ஒரு பாதி நிறத்தில், புகை அந்த நிறத்தில் இருந்தது. ரயில் வரும்வரை நான் அந்தத் தெருவில்தான் இருந்தேன்.

ஒரே பள்ளியில் நீங்கள் கணக்கு, நான் அறிவியல். ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரை ஒருவர் டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். உங்கள் வீட்டுக்காரர் போனபின் அந்த வெள்ளைக் காரை விற்றுவிடுவீர்கள் என்று ஊரே நினைத்தது. நீங்களோ வேப்பமரத்தடியில் வெயிலிலும் பனியிலும் கிடந்த வண்டிக்கு வீட்டை ஒட்டி ஒரு ஷெட் கட்டினீர்கள். மழைத்தண்ணீர் உள்ளே தங்காமல் தெருவுக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் தரையைச் சரிவாகப் போட்டார். "அவுக இருந்தவரைக்கும் வண்டி நனைஞ்சுச்சு. இனிமே நனைய வேணாம்" என்றீர்கள்.

சனிக்கிழமைகளில் நாம் அந்தக் காரில் எங்காவது போவோம். பேருந்துப் படி ஏற என் முழங்கால் ஒத்துழைக்காது. உள்ளூருக்குள் என் ஸ்கூட்டி போதும். அதைத் தாண்டிய உலகம் எனக்கு உங்கள் முன்சீட்டு வழியாகத்தான் தெரிந்தது. நாச்சியாபுரம் சாலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு, பேசாமல் கூடப் போயிருக்கிறோம். கண்மாய்க் கரையில் கொக்குகள் நிற்கும். நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள். நான் எண்ணி முடித்ததும் வண்டி தானாக நகரும்.

வெள்ளிக்கிழமை காலை உங்களுக்கு இரண்டு வேலை. சாமி விளக்குக்கு எண்ணெய் விடுவீர்கள். பிறகு அதே ஈரத்தலையோடு ஷெட்டுக்குப் போய், காரின் மூடியைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுவீர்கள். பழைய கண்டாங்கிச் சேலையில் கிழித்த துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கண்ணருகே பிடிப்பீர்கள். கம்பியில் இரண்டு கோடுகள். "மேல் கோட்டுக்குக் கீழ போக விடக்கூடாதுன்னு அவுக சொல்லியிருக்காக" என்பீர்கள். எந்த வெள்ளிக்கிழமையும் அது கீழேதான் இருந்தது. ஒரு டம்ளர் அளந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றுவீர்கள்.

புகையை முதலில் பார்த்தது நான்தான். உங்களிடம் ஒருபோதும் சொல்லாதது இது. கடைத்தெருவுக்கு நீங்கள் காரிலும் நான் ஸ்கூட்டியிலுமாகப் போகும் நாட்களில், உங்களுக்குப் பின்னால் வந்தவள் நான். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கிறார். தன் புகையைப் பார்ப்பதில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது முதலில் ஒரு நீல இழை. சில வாரங்களில் அது ஒரு போர்வை. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கார் போய்விடும், கார் போனால் சனிக்கிழமை போய்விடும் என்று பயந்தேன். மூன்று மாதம் அப்படியே பின்னால் வந்தேன்.

கடைசியில் சொன்னவர் பூக்காரம்மா. "ஆச்சி, ஒங்க வண்டி போனா எங்க தெருவுல ஒரு கொசு இல்ல. முனிசிபாலிட்டி சம்பளம் குடுக்குதா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் சிரித்துவிட்டு நேரே என்னிடம் வந்தீர்கள்.

"டீச்சர், நீங்கதானே பின்னாடி வாரீக. பொகையவா செய்யுது?"

"பனியா இருக்கும் டீச்சர்" என்றேன்.

பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம். இட்லிப் பானையைத் திறந்தால் வரும் ஆவி வெள்ளை, கண்முன்னே கரைந்துவிடும். காலைக் குளிரில் எந்த வண்டியும் விடுவது அதுதான், வெறும் தண்ணீர். அடுப்பு விறகு திணறினால் வருவது கறுப்பு. காற்றுக் குறைவு, எரிபொருள் அதிகம். வாணலியில் காய்ந்துபோன எண்ணெய் விடுவது நீலம். அது கரையாது, கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள், பனி என்றேன்.

நீங்கள் மெக்கானிக்கிடம் போனீர்கள். அவர் கையில் வடையோடு சாலைக்கு அந்தப்பக்கம் நின்றபடியே பார்த்தார். "ஆச்சி, பொகை நீலமா வருது. பிஸ்டன் ரிங்கு தேஞ்சுபோச்சு, ஆயில் உள்ள கசிஞ்சு எரியுது. இன்ஜினை எறக்கணும். ஒரு மாசம் ஆகும். அதுக்கு மேல இந்த வண்டிக்கு அது தகுமான்னு நீங்கதான் யோசிக்கணும்." சென்னையிலிருந்த மகனுக்குச் செய்தி எட்டியது. அவருக்கு வண்டியைவிட நீங்கள் அதை ஓட்டுவதுதான் கவலை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்க ஆள் கூட்டி வருகிறேன், சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். நீங்கள் சரி என்று சொல்லி போனை வைத்தீர்கள். அன்று நீங்கள் போட்ட காபியில் சர்க்கரை இல்லை. இருவருமே கேட்காமல் குடித்தோம்.

மறுநாள் வந்து சொன்னீர்கள்: "ஒரு தடவை ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க டீச்சர். பரீட்சைத் தாள் திருத்துற மாதிரி. எரக்கப்பட்டு மார்க் போடாதீக."

அன்று திருத்தினேன். கிளம்பும்போது நீலம். சீராகப் போகும்போதும் நீலம். வேகம் கூட்டினால் அடர்த்தி. சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். "அப்பச் சரி. சனிக்கிழமை கடைசியா ஒரு தடவை திருக்கோஷ்டியூர் போயிட்டு வந்துருவோம்."

அந்தச் சனிக்கிழமை எனக்குக் கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து விடைபெற்றன. நீங்கள் நிதானமாக ஓட்டினீர்கள். பின்கண்ணாடியில் நாம் கடந்த சாலை நீலமாக மங்கிக்கொண்டே வந்தது. கோயில் குளத்துக்குப் பக்கத்தில் சமமான மண்தரையில் வண்டியை நிறுத்தினோம். சாமி கும்பிட்டுவிட்டுப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரோ விட்ட அகல்விளக்கு ஒன்று தண்ணீரோரம் அணைந்து கிடந்தது. நீங்கள் அதை எடுத்து, தண்ணீரை வடித்து, படியில் நிமிர்த்தி வைத்தீர்கள்.

கிளம்பும்முன் மூடியைத் தூக்கினீர்கள். நேற்றுத்தான் வெள்ளிக்கிழமை, நேற்றுத்தான் ஊற்றியிருந்தீர்கள். வழியில் எவ்வளவு குடித்திருக்கிறது என்று பார்க்க நினைத்தீர்களோ, தொட்டுப் பிரிய நினைத்தீர்களோ. கம்பியை உருவினீர்கள், துடைத்தீர்கள், விட்டு எடுத்தீர்கள். மறுபடி துடைத்தீர்கள். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"டீச்சர், இங்குட்டு வாங்க. என் கண்ணுதான் பொய் சொல்லுதா?"

மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கம்பி நனைந்திருந்தது.

"வழியில யாரும் ஊத்தலையே" என்றீர்கள்.

நான் தரையைப் பார்த்தேன். பிறகு உங்கள் ஷெட்டின் தரை நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் முகவையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அளவு சொல்லும் பிள்ளையை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்.

"ஷெட்டுல வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது டீச்சர். ஆயில் பூரா பின்பக்கம் ஓடிப்போகுது. கம்பி முன்னாடி இருக்கு. அதுக்கு எட்டல. நீங்க கொறைஞ்சுபோச்சுன்னு ஊத்துறீக."

"அப்ப இத்தன நாளு..."

"நெறைஞ்ச பானையில மத்தை விட்டுக் கடைஞ்ச மாதிரி. உள்ள அடிச்சுத் தெறிச்சு, எரியிற எடத்துக்குப் போயிருது. ரிங்குக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் தோணுது."

நீங்கள் வண்டியின் மேல் கையை வைத்தீர்கள். பிறகு மெல்லிய குரலில், "பட்டினி போடக் கூடாதுன்னுதானே ஊத்தினேன்" என்றீர்கள். குளத்தில் காற்று வந்து போனது.

சாயங்காலம் மெக்கானிக் சமதரையில் வைத்து அளந்து, உபரியை வடித்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நாலும் நல்லாத்தான் இருக்கு ஆச்சி."

"அன்னைக்கு வடையைக் கீழ வச்சுட்டுப் பாத்திருக்கலாம்" என்றீர்கள்.

அவர் சிரித்துக்கொண்டே, "சைலன்சருல ஒட்டுனது எரியணும். சாக்கோட்டை வரைக்கும் ஒரு ஓட்டம் விட்டுட்டு வாங்க" என்றார். ஒன்றல்ல, மூன்று ஓட்டம் விட்டோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் பின்னால் சாலை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்ததும் சாவியைக் கேட்டார். நீங்கள் கொடுக்கவில்லை. "அங்குட்டுப் போயி தெருமுனையில நில்லு. நான் ஓட்டுறேன். பின்னாடி பாத்துட்டுச் சொல்லு" என்றீர்கள். அவர் நின்றார். கார் அவரைக் கடந்து கோயில் வரை போய்த் திரும்பி வந்தது. வெறும் வெயில் மட்டும்தான் பின்னால் வந்தது. அவர் அழைத்து வந்த ஆள், இது என்ன வண்டி, நல்லாத்தானே இருக்கு என்றார். காபி குடித்துவிட்டு இருவரும் போனார்கள். மறுவாரம் நீங்கள் அதே கொத்தனாரைக் கூப்பிட்டு ஷெட்டின் தரையை இடித்துச் சமமாக்கினீர்கள்.

அதன்பிறகு நமக்கு நிறையச் சனிக்கிழமைகள் கிடைத்தன. கண் மங்கியபோது நீங்களாகவே சாவியை மகனிடம் கொடுத்தீர்கள். அதில் வருத்தம் காட்டவில்லை. நீங்கள் போனபின் அவர் எனக்குக் கொண்டுவந்து தந்தது அந்தக் கண்டாங்கித் துணியை. துவைக்கவில்லை. வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் என்னை விடுவதில்லை. ஒரு மார்கழிக் காலையில் கோட்டையூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒன்றும் தெரியாத பனி. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டீர்கள்: "இது நெசமாவே பனிதானே டீச்சர்?"

அவ்வளவுதான். உங்கள் உதட்டோரத்தைப் பார்த்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அப்புறம் பனி விலகிவிட்டது.

இன்று கேட்டில் ரயிலின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. நான் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். முழங்கால் வலித்தது. முன்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினேன். ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் மனைவி, மடியில் பூக்கூடை.

"தம்பி, பின்னாடி நீலமாப் பொகையுது. ஒங்களுக்குத் தெரியாது, பின்னாடி வர்றவங்களுக்குத்தான் தெரியும்."

"தெரியலையேம்மா. ஆயில்கூட வாராவாரம் பாத்து ஊத்துறேனே."

கேட் மேலே எழத் தொடங்கியது. பின்னால் ஹாரன்கள்.

"வீட்டுல வண்டிய எங்க நிப்பாட்டுறீக?" என்று கேட்டேன். "மேடா, சமமா?"