சாவி எலும்பா, காறை எலும்பா

உன் நோட்டைத் திறந்தால் இன்னும் கார்பாலிக் நெடி அடிக்கிறது. காய்ச்சலில் நீ போய் மூன்று மாதமாகிறது. நெடியும் போகவில்லை, உன் பிடிவாதமும் போகவில்லை. மலைமேல் அணை வேலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு நாம் இருவரும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேருகிறவர்கள் படிக்கட்டும் என்று எலும்புகளுக்கெல்லாம் தமிழில் பேர் எழுதி வைத்தாய். ஒரே ஒரு எலும்புக்கு மட்டும் இடம் காலி. கழுத்தடியிலிருந்து தோள்வரை, விரலால் தடவினால் தட்டுப்படுமே, அது.

இங்கிலீஷ் டாக்டர் ஒருநாள், அதன் லத்தீன் பேருக்குச் ‘சின்னச் சாவி’ என்று அர்த்தம், கையைத் தூக்கினால் அது சாவிபோலத் திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனியன். சாவி எலும்பு என்றுதான் எழுதவேண்டும் என்றாய். நம் பெண்கள் கழுத்தில் போடும் காறை படிகிற இடமப்பா, காறை எலும்பு என்று எழுது என்றேன்.

வருசநாட்டிலிருந்து ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்களே, விறகுச் சுமையோடு விழுந்தவளை. சாவி எலும்பு முறிந்துவிட்டது என்று அவள் தாயிடம் சொன்னாய்.

“இவுக என்ன சொல்றாக? எங்க வீட்டுக்குப் பூட்டே கெடையாதுய்யா” என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்.

அதோடு விட்டாயா? சாவி திரும்புவதைக் காட்டுகிறேன் என்று அந்தப் பெண்ணையே கையைத் தூக்கச் சொன்னாய். முறிந்த பக்கத்துக் கையை! அவள் போட்ட சத்தத்தில் வண்டிமாடு மிரண்டது.

“காறை கெடக்குற எலும்புன்னு சொன்னா எங்களுக்கு வெளங்காதா?” என்று தாய்க்காரி திட்டியும் நீ அசையவில்லை.

அப்புறம் என் கைதான் உனக்குக் கிடைத்தது. சாப்பிட உட்கார்ந்தால்கூட, “கையத் தூக்கு மாப்ள, திரும்புது பாரு” என்று தோளில் விரலை அழுத்துவாய். எதையாவது எழுதித் தொலை என்றால், “நீ சரின்னு சொல்லாம எழுதமாட்டேன்” என்பாய். இரண்டு வருஷம் இதே பாட்டு. மனுஷனுக்கு எரிச்சல் வராதா?

கடைசி வாரம் கஞ்சிக் கிண்ணத்துக்காக நீ கையைத் தூக்கினாய். மெலிந்த உடம்பில் அந்த எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. திரும்பியது. கண்ணால் பார்த்தேன். சொன்னால் ஜெயித்துவிட்டதாகக் குதிப்பாய், உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அந்தக் காலி இடத்தில் நானே எழுதினேன்: காறை எலும்பு. பக்கத்திலேயே, கையைத் தூக்கினால் சாவிபோலத் திரும்பும் என்றும் எழுதினேன். மறுப்புச் சொல்ல ஆளில்லை. எழுதி முடித்தும் என் விரல் என் தோளில்தான் கிடந்தது, நீ அழுத்துகிற அதே இடத்தில்.

சரி என்று சொல்லிவிட்டேனடா. இப்போதாவது வந்து குதித்துத் தொலையேன்.