கெட்ட கிணற்றுக்கு ஒரு வாளி

ஐப்பசி, வியாழன் இரவு.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. மலைமேல் வாழவந்தி நாட்டில் செல்லம்மாவின் மிளகுத் தோட்டத்துக்கு விலை மதிப்பிடப் போயிருந்தேன். பக்கத்து லாரிப் பட்டறை கழிவு எண்ணெயை விட்டுக் கிணற்றைக் கெடுத்தது உண்மை. பட்டறையை மூடி வருஷங்கள் ஆகியும் நாற்றம் போகவில்லை என்று, தோட்டத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட முடிவு செய்திருந்தார்கள். செல்லம்மா வாளியில் இறைத்துக் காட்டினார். டீசல் வாடை குப்பென்று அடித்தது. நானும் மனதுக்குள் விலையைக் குறைத்துவிட்டேன்.

பிறகு ஆய்வகப் பரிசோதனைக்காக என் கண்ணாடிப் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். வந்த தண்ணீரில் ஒரு வாடையும் இல்லை. மறுபடி இறக்கினேன். இல்லை.

“இந்த வாளிய வேற எதுக்காவது எடுப்பீங்களா?”

அவர் கணவர் தலையைச் சொறிந்தார். “டில்லருக்கு டீசல் ஊத்தறது இதுலதானுங்க. பின்ன, கெட்ட கிணத்துல நல்ல குடத்தையா உடுவாங்க?”

செல்லம்மா அவரை முறைத்தார். அப்புறம் சிரிப்பு வந்து கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் ஓடிப் போய், தேய்த்து வைத்திருந்த பித்தளைக் குடத்தோடு வந்து தண்ணீர் இறைத்தார்.

“ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்காதீங்க” என்றேன்.

“குடிக்கலீங்க” என்றார், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே. “ஆனா நீங்க வெல ஒண்ணும் எழுதிப்போடாதீங்க. நாங்க விக்கலீங்க.”

ரிசல்ட்டில் என்ன வருமோ, அந்தப் பயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வேலையை முடிக்காமல் இவ்வளவு சந்தோஷமாக நான் மலை இறங்கியதே இல்லை. அந்த வாளியைத் தொட்ட கை, சோப்புப் போட்டும் டீசல் நாறுகிறது. நாறட்டும்.