பழைய ரத்தக்குழாயை நம்பிய அக்காவுக்கு

அக்கா,

காலையில் குளிக்கப் போகும்போது இடது மணிக்கட்டில் இருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தேன். ஸ்பிரிட் வாசனை குப்பென்று வந்தது. முந்தாநாள் அந்த வழியாகத்தான் ஆஞ்சியோ பார்த்தார்கள். எனக்கு பைபாஸ் ஆகி ஒன்பது வருஷம். காலிலிருந்து எடுத்து இதயத்தில் வைத்த குழாய் ஒன்று சுருங்கிவிட்டதாம். ஸ்டென்ட் வைக்க வேண்டும், அந்தக் குழாயிலா, என் பழைய ரத்தக்குழாயிலா, எதில் வைப்பது என்று பேசி முடிவெடுப்போம், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். யோசிக்க உட்கார்ந்தால் நீங்கள்தான் எதிரில் வந்து உட்காருகிறீர்கள்.

பைபாஸ் சமயத்தில் நான் அடித்த கூத்து உங்களுக்குத் தெரியும். ஒரகடத்தில் அரிசி மண்டி வைத்துக்கொண்டு கம்பெனி கேண்டீன்களுக்கு மூட்டை அனுப்புகிறவன், தனக்கு நெஞ்சு நோய் என்று சொல்லுவானா? சொன்னால் போட்டிக்காரன் அதை வைத்தே ஆர்டரைப் பிடித்துவிடுவான். நானே அப்படிப் பிடித்தவன்தான். அதனால் பழநிக்குப் போயிருந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். நம்பவேண்டுமே என்று மொட்டையும் போட்டுக்கொண்டேன்.

பிள்ளைப்பாக்கத்தில் உங்கள் மெஸ்ஸுக்கு அரிசி சாம்பிள் கொண்டுவந்த அன்று, தாளிப்புப் புகையில் எனக்கு இருமல் வந்தது. கைகள் தானாக நெஞ்சைக் கட்டிக்கொண்டன. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்களுக்கு, இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லித் தருவார்களே, அந்தப் பழக்கம். நீங்கள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள்.

“இன்னாய்யா அரிசிக்காரே, பழநில மொட்ட தலைக்குப் போட்டாங்களா, நெஞ்சுக்கா?”

உங்களுக்கும் பைபாஸ் ஆகி ஐந்து வருஷம் என்று அன்றுதான் தெரிந்தது. “இங்க சாப்புட்ற தெக்கத்திப் பசங்க அத்தினி பேர் கைலயும் சொல்லிட்டேன். ஒருத்தனாவது மெஸ்ஸ மாத்திக்கினானா? மறச்சி வெச்சிக்கினு மூட்ட கீட்ட தூக்காத, தையல் பிரிஞ்சிக்கும்” என்றீர்கள்.

இரண்டு வருஷம் கழித்து, மாடி ஏறினால் உங்களுக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. உங்கள் மகள் வெளியூரில் இருந்ததால் நான் கூட வந்தேன். இப்போது என்னைப் பார்க்கிற இதே டாக்டர்தான் படத்தைத் திரையில் காட்டி நிதானமாகச் சொன்னார். மறுபடி நெஞ்சைத் திறப்பது முதல் தடவையைவிட ஆபத்து. காலிலிருந்து எடுத்த குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பது சுலபம். ஆனால் உங்கள் குழாய் நெடுகப் பழுதாகியிருக்கிறது, படிந்தது உதிர்ந்து கீழே போகலாம், சீக்கிரமே திரும்ப அடைக்கவும் கூடும். இன்னொரு வழி, பைபாஸுக்கு முன்பே அடைத்துப்போன உங்கள் சொந்த ரத்தக்குழாயைத் திறப்பது. நேரம் பிடிக்கும், திறக்காமலும் போகலாம். திறந்துவிட்டால் நீடித்து நிற்க வாய்ப்பு அதிகம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “கழிச்சுப் போட்ட சரக்குல போய் யாராவது கை வைப்பாங்களா டாக்டர்? புதுசுலயே வைங்க, இருக்கறதுலயே ஒசத்தி ஸ்டென்ட்டா போடுங்க.”

“யோவ், நீ இங்க அரிசி வாங்க வர்ல. கம்முனு குந்து” என்று என்னை அடக்கிவிட்டு அவரிடம் கேட்டீர்கள்: “ஏன் சார், உள்ள போயி அது தொறக்கலன்னா, எந்த எடத்துல நிறுத்துவீங்க?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதன்பிறகுதான் எல்லாம் வந்தது: குழாய் படத்தில் தெரிய ஏற்றும் சாய மருந்து எவ்வளவு போகலாம், கிட்னி எவ்வளவு தாங்கும், எப்போது விட்டுவிட்டு வேறு நாள் பார்ப்பார், அவர் கையில் எத்தனை பேருக்குத் திறக்காமல் போனது. நீங்கள் தலையாட்டினீர்கள். உங்கள் பழைய குழாயிலேயே செய்தார். திறந்தது. வெளியே வந்ததும், “உள்ள ஏசி ஜாஸ்திய்யா, பாட்டு வேற போட்டுக்கினு கீறானுங்க” என்றீர்கள்.

அப்புறம் ஆறு வருஷம் மெஸ் நடத்தினீர்கள். போன மழைக்காலத்தில் நுரையீரலில் சளி கட்டித்தான் போனீர்கள்; கடைசிவரை இதயம் தொந்தரவு செய்யவில்லை என்று அந்த டாக்டரே சொன்னார்.

இன்று மத்தியானம் திரும்பப் போனேன். அக்காவுக்குச் செய்ததையே எனக்கும் செய்யுங்கள் என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு போனவன்தான். டாக்டர் சிரித்தார். என் பழைய குழாய் சுண்ணாம்பாகக் கெட்டித்துக் கிடக்கிறதாம்; கால் குழாயிலோ ஒரே ஒரு இடத்தில்தான் சுருக்கம், மற்ற இடமெல்லாம் சுத்தம். அதனால் எனக்குக் கால் குழாயில்தான், உதிர்வதைப் பிடிக்க ஒரு சின்ன வலையும் வைத்து. உங்கள் பதில் எனக்கு உதவவில்லை அக்கா. உங்கள் கேள்வி உதவியது. எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிஷம் பதில் சொன்னார். வியாழக்கிழமை செய்கிறார்.

வெளியே வந்ததும் வல்லம் வடகால் கேண்டீன் மேனேஜருக்குப் போன் போட்டேன். என் ஆர்டரில் பெரியது அவருடையது. “சார், எனக்கு ஸ்டென்ட் வைக்கறாங்க. ஒரு வாரம் மண்டிய என் மருமக பாத்துப்பா.”

சொன்னதுமே ஆர்டர் போயிற்று என்றே நினைத்தேன்.

“எங்கப்பாவும் பைபாஸ் பண்ணவர்தான் சார். இப்ப நாலு அடி நடந்தா நிக்கறாரு. கேட்டா கேஸ் ட்ரபுளுங்கறாரு. உங்க டாக்டர் நம்பர் குடுங்களேன்.”

கொடுத்தேன். “ஒரு கேள்வி சொல்றேன், எழுதிக்குங்க” என்றேன். அவர் பேனா தேடும் சத்தம் கேட்டது.