கடைசியாகத் தட்டிய வேகம்

மாப்பிள்ளை,

நேற்று சாயங்காலம் புதுக்கோட்டை மண்டபத்தில் கிதார் பெடலுக்குக் கரண்ட் கொடுத்தேன். சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது. கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டுவிட்டேன். அது மின்னியது உன் வேகத்தில்.

நீ போன பிறகு அந்தப் பெடல் இருந்த பையை நான் திறக்கவே இல்லை. கிதாரில் ஒரு சுரம் வாசித்தால் அதையே தாளம் தப்பாமல் எதிரொலியாகத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. எந்த வேகத்தில் சொல்ல வேண்டும் என்று காலால் தட்டிக் காட்ட வேண்டும். கடைசியாகத் தட்டியதை, கரண்டை நிறுத்தினாலும் மறக்காது. எனக்குத் தெரியாததா? தெரிந்தும், அங்கே நீ இருப்பாய் என்று நினைக்கவில்லை.

நாம் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய புதிதில் கோட்டைப்பட்டினத்தில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி. தூரத்து ஸ்பீக்கரிலிருந்து உன் டிரம்ஸ் பிந்தி வந்து காதில் விழ, நான் குழம்பிப்போய் ஒரு தட்டு உனக்கும் ஒரு தட்டு ஸ்பீக்கருக்குமாகத் தட்டிவைத்தேன். எதிரொலி நொண்டியடித்தது. பாட்டு முடிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாய்.

"காதை நம்பாத மாப்ள. என் காலைப் பாரு."

அதுவே நம் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சத்தமில்லாமல் வலது பாதத்தை ஆட்டிக் காட்டுவாய். நான் பார்த்துத் தட்டுவேன். "ரெண்டு பேரும் மேடையில தையல் மிஷினா மிதிக்கிறீங்க?" என்று பாடுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். எல்லாரும் பாய்கிற பாட்டில் நீ மட்டும் ஒரு நூல் பின்வாங்கித்தான் அடிப்பாய். கேட்டால், "என்ன, பஸ்ஸா போயிரப் போகுது?" என்பாய்.

திருமயம் ரிசப்ஷனிலும் அப்படித்தான் காட்டினாய். தட்டினேன். விளக்கு உன் வேகத்தைப் பிடித்துக்கொண்டது. நீ ஸ்டிக்கைத் தூக்கினாய், அது நழுவி விழுந்தது. உன் வழக்கமான சேட்டைதானே என்று எல்லாரும் சிரித்தோம். மணப்பெண்கூடச் சிரித்தாள். நீ அப்படியே டிரம்ஸ் மேல் சரிந்தாய். அந்தப் பாட்டு தொடங்கவே இல்லை. மத்தியானம் பந்தியில் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தவன்! இப்படியுமா ஒரு மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் போவான்? எனக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை, கோபம்தான் வருகிறது.

நேற்று உன் இடத்தில் உட்கார்ந்தவள் காலேஜில் படிக்கிற பெண். நல்ல கை. ஆனால் அவளுக்காக நான் பெடலைத் தட்டினால் உன்னுடையது அழிந்துவிடும். பழைய வேகத்தைத் தனியாகச் சேமித்து வைக்கும் வசதி என் பெடலில் கிடையாது. நான் காலைத் தூக்காமல் நிற்பதைக் கீபோர்டு செல்வம் பார்த்துவிட்டான்.

"அண்ணே, அந்த வேகத்தைப் போன்ல அளந்து வச்சுக்கங்க. நம்பர் எங்கிட்டும் போயிராது."

"நம்பரை வச்சு நாக்கு வழிக்கவா? அது அவன் காலுடா."

அதற்குள் மணமக்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் மேடையேறும்போது வாசிக்கச் சொல்லிக் கேட்டது, திருமயத்தில் தொடங்காமல் போன அதே பாட்டு. எதிரொலி இல்லாமல் அது சப்பென்று இருக்கும். டிரம்ஸில் இருந்த பெண் பாதத்தை ஆட்டிக் காட்டினாள், செல்வம் சொல்லிவைத்திருப்பான். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தட்டினேன். விளக்கு ஒரு கணம் அணைந்தது. போய்விட்டாய் என்றே நினைத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நான் காட்டுனது இது இல்லையே. இம்புட்டு ஸ்லோவாவா போறோம்?"

குனிந்து பார்த்தேன். விளக்கு உன் வேகத்தில் மின்னிக்கொண்டிருந்தது. இந்த முறை கண்ணை எடுக்காமல் அவள் பாதத்தையே பார்த்து மறுபடி தட்டினேன். மறுபடியும் நீதான் வந்தாய். செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரிண்ணே, இதுலயே போவோம்" என்று ஸ்டிக்கைத் தூக்கினாள்.

அந்தப் பாட்டைக் கடைசி வரை வாசித்துவிட்டோம், மாப்பிள்ளை. பெடலை மூட்டைகட்டி வைத்தாயிற்று. ஆனால் இதை எழுதும்போதும் என் வலது கால் மேசைக்கடியில் உன் வேகத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. கையால் அழுத்திப் பிடித்தும் நிற்க மாட்டேன் என்கிறது.