அக்காவின் டிரைவுக்கு ஒரு பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்
அக்காவின் பழைய கணினிக்காக வாங்கிய எமுலேட்டர் வந்துவிட்டது. செத்துப்போன ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் இது உட்கார்ந்து, பென்டிரைவில் இருப்பதையெல்லாம் ஃப்ளாப்பி என்று கணினியை நம்பவைக்கும். த்ரீடி பிரிண்டரில் அச்சிட்ட கறுப்புப் பெட்டி. டிஸ்க் மாற்றும் பொத்தான் மிளகு அளவு, அதுவும் குழிக்குள். அக்காவின் வலது விரல் மூன்று முறை வழுக்கியது. "எடுத்து உள்ள வைடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 5
அக்காவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். பேச்சு திரும்பிவிட்டது, வலது கைதான் வீம்பு பிடிக்கிறது. பிசியோதெரபி அம்மா வாசலில் நின்று சொன்னார்: "பந்தை அமுக்கச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறாங்க. பிடிச்ச வேலை ஏதாவது அந்தக் கையால செய்யட்டும். இப்ப விட்டா விரல் மடங்கினபடியே இறுகிடும்."
அவளுக்குப் பிடித்தது அந்தக் கணினி ஒன்றுதான். பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி
இருபத்தெட்டு வருடமாகப் பல்செட் செய்கிறவனுக்கு ஒரு பொத்தான் ஓட்டையைப் பெரிதாக்குவது என்ன பிரமாதம்? பல்செட் தேய்க்கும் வேகத்திலேயே மோட்டாரை விட்டேன். இந்தப் பிளாஸ்டிக் சூடு தாங்காதாம். உருகி இழை இழையாகச் சுற்றிக்கொண்டது. தூசு போகட்டுமென்று பழக்கதோஷத்தில் சுடுநீரில் வேறு முக்கினேன். மூடி கோணிக்கொண்டது. நல்லவேளை, உள்ளே இருந்த பலகையை முன்பே கழற்றியிருந்தேன்.

மார்ச் 9
அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 10
கேட்டே விட்டாள். சொன்னேன். சிரித்தாள் — நான்கு மாதத்தில் முதல் தடவை. "பல்லையும் பெட்டியையும் ஒண்ணா வேக வச்சியா?"
மூடியை மறுபடி சுடுநீரில் போட்டு, பல் அச்சு வார்த்த இரண்டு மாவுக்கல் பாளங்களுக்கு நடுவே அழுத்தி நிமிர்த்தினேன்.

மார்ச் 12
பல் அளவெடுக்கும் மெழுகை இளக்கி அவள் விரலை அழுத்தச் சொன்னேன். "என் விரல்ல பல்லு முளைக்கப்போகுதா?" தடம் சாய்வாக விழுந்தது. விரல் பக்கவாட்டில்தான் வருகிறது, நேராக அல்ல. இத்தனை நாள் நேராக அழுத்தச் சொல்லி உயிரை வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 15, சனி
பல்செட் பிளாஸ்டிக்கில் பொத்தானுக்கு ஒரு தொப்பி, அவள் விரலுக்கேற்ற சாய்வுக் குழியோடு. ஈறு நிறம், வேறு நிறம் என் பல்செட் லேபில் இல்லை. ஓட்டையில் சிக்கியது. பல்செட்டில் கடி எங்கே இடிக்கிறது என்று பார்க்கும் நீலத்தாளை நடுவில் விட்டேன். நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் கையரத்தால் மெதுவாகத் தேய்த்தேன். இறங்கியது.
அக்கா அழுத்தினாள். பெட்டியின் குட்டித் திரையில் டிஸ்க் எண் மாறியது. "அசிங்கமா இருக்கு" என்றாள். மறுபடி அழுத்தினாள்.

மார்ச் 25, செவ்வாய்
மதியம் லேபிலிருந்து போன் செய்தேன். எடுக்கவில்லை. நான்கு முறை. செருப்பைக்கூட மாற்றாமல் ஓடினேன்.
கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் திரையில். பொத்தானைப் பார்க்காமலே வலது கை போய் டிஸ்க்கை மாற்றிவிட்டு வந்தது.
"போன் எடுக்க மாட்டியா?"
"வேலையா இருக்கேன்ல. அந்த ஜன்னலைச் சாத்து, திரையில வெளிச்சம் அடிக்குது."
சாத்தினேன். கொஞ்சநேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.