டிரம் தாளில் நீ எழுதிய ‘பேட’

டேய் ஊதாரி,

இன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவினார்கள். வாயில் எச்சில் ஊறியது, கூடவே பயமும் ஊறியது. அந்த வாசனை வந்தாலே நீ எங்கிருந்தோ முறைக்கிற மாதிரி இருக்கிறது.

பள்ளி பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவன் ஊதாரி என்று உனக்குப் பேர் வைத்தது நான். “அப்ப பெரிய டிரம் அடிக்கிற நீ அடியாள்டா” என்றாய். நீ இசை எழுதுவாய், நான் கெடுப்பேன். அதுதான் நம் வேலைப் பங்கீடு.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மலையில் ஆதிமனிதர்கள் வெள்ளையாய்த் தீட்டிய பாறை ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்துதான் நம் பேண்டுக்கு அந்த இசையை எழுத ஆரம்பித்தாய். கைகோத்து ஆடும் கூட்டம், தள்ளி வில்லோடு நிற்கும் ஒருவன். “இவங்க எந்தப் பாட்டுக்கு ஆடுனாங்கன்னு யாருக்கும் தெரியாதுடா. அதான் நான் எழுதறேன்” என்றாய். ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் மலைக்கு மலை கூப்பிடும், டிரம்கள் கால்களாய் நடக்கும். ஒவ்வொருவர் தாளிலும் குறிப்புகளை முதலில் தமிழில்தான் எழுதினாய். உன் எழுத்துப்பிழைகளை நான் வகுப்புக்கே வாசித்துக் காட்டிய பிறகு, உன் வீட்டுமொழியான கன்னடத்துக்கு மாறினாய்.

கடைசி ஒத்திகையில் ஊதுகிறவர்களுக்கு நேரெதிரே உட்கார்ந்து மாங்காயைக் கடித்தேன். எல்லார் வாயிலும் எச்சில் ஊறி, ட்ரம்பெட்டுகள் கொப்பளித்தன. நீ மட்டும் சிரிக்கவில்லை. “உன் தாளக் குடு. மாத்தி எழுதித் தரேன்” என்று வாங்கிப் போனாய். மறுநாள் காலை நெடுஞ்சாலையில் லாரி மோதிப் போய்விட்டாய்.

இரண்டு வாரம் கழித்து உன் அம்மா அந்தத் தாளைக் கொடுத்தார். மற்றதெல்லாம் நின்று என் டிரம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் எட்டு அடிகள். அவற்றுக்கு மேலே உன் கையெழுத்தில் ஒரே கன்னட வார்த்தை: பேட.

பேட என்றால் வேண்டாம். பேட என்றால் வேடனும்தான். வில்லோடு நிற்கிற வேடன் வரும் இடம் இது, அவன் நான்தான் என்றாயா? இல்லை, நான் அடிக்கவே வேண்டாம் என்றாயா?

உன் அம்மாவிடமே கேட்டேன். தாளைத் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டத்தில் பிடித்தார். “ரெண்டுக்கும் அதே எழுத்துதான் கண்ணு. வாயால சொல்லியிருந்தான்னா, சொன்ன விதத்துலயே எதுன்னு சொல்லிருப்பேன்” என்றார்.

போன வாரம் ஆண்டுவிழாவில் வாசித்தோம். அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. எட்டையும் அடித்தேன். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் முன்னால், நீ திட்டப் போகிறாய் என்று ஒரு கணம் கை நின்றது.

“எட்டும் லேட்டு. ஏன்டா?” என்றார் பேண்ட் மாஸ்டர், மேடையை விட்டு இறங்கியதும். எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். அன்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போதும் டிரம்முக்கு முன்னால் நின்றால் அந்த ஒரு கணம் வந்துவிடுகிறது. கையை ஓங்கிவிட்டு, நீ ஏதாவது சொல்வாயா என்று பார்க்கிறேன்.